ஏஐ நல்லதா என்று யாரை வைத்துச் சோதிப்பது?

காட்பாடி மாணவி:
சர்க்கரை நோயாளிகளுக்கு மாத்திரை, உணவு பற்றித் தமிழில் பதில் சொல்லும் ஏஐ செயலி செய்கிறோம். அதற்குள் இருக்கும் ஏஐ மாடலுக்கு, ஏஐகளின் பொது அறிவை அளக்கும் எம்எம்எல்யு தேர்வில் நல்ல மதிப்பெண். ஆனால் குடியாத்தத்தில் பீடி சுற்றும் அம்மாக்களுக்கு அது உதவுமா என்று எப்படி அளப்பது?

ஆம்பூர் தம்பி:
அக்கா, எம்எம்எல்யு 2020-இல் வந்தது, 57 பாடங்களில் நாலில் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், அதில் பயன்படுத்துகிற ஆளே கிடையாது. "பிடித்ததா?" என்றும் கேட்காதீர்கள், நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே "பிடிக்கவில்லை" என்று சொல்ல மாட்டார்கள். பதிலைக் கேட்டதும், சாப்பாட்டுக்கு முன்னால் போடும் மாத்திரையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டைக்காரன்:
தம்பி சொல்வது சரி. மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், உளவியல் ஆய்வாளர்கள் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் வளர்த்தெடுத்த முறை அது, எங்கே குழம்புகிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும். அப்புறம், ஏஐ இல்லாமல் எப்படிச் செய்கிறார்கள், ஏஐயோடு எப்படி என்று ஒப்பிட்டே ஆக வேண்டும். கற்பனை மருந்துச் சீட்டு ஒன்றை வைத்து, ஏஐ சொல்லும் பதில்களில் சில தவறானவற்றைக் கலந்து, அப்படியே நம்புகிறார்களா என்றும் பாருங்கள். முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுங்கள், அதில் சமரசமே கூடாது.

காட்பாடி மாணவி:
படிக்கத் தெரியாதவர்கள்?

ராணிப்பேட்டைக்காரன்:
அவர்களிடம்தான் முதலில் போக வேண்டும்மா. குரலில் சோதியுங்கள்.