தடுப்பு மருந்து வந்த பிறகும் ரோட்டா வைரஸின் வகையை ஏன் பார்க்கிறோம்?

கயல்விழி:
நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறேன். குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸுக்கான தடுப்புச் சொட்டு மருந்து இந்தியாவில் 2016-இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2019-இல் நாடு முழுவதும் வந்துவிட்டது. இன்னமும் வயிற்றுப்போக்குக் குழந்தைகளின் மல மாதிரிகளை வாங்கி வைரஸின் மரபணு வகையைப் பார்ப்பது எதற்கு? எந்த வகையானாலும் கொடுப்பது உப்புச்சர்க்கரைக் கரைசல்தானே?

சேகர், ஆய்வக நுட்பநர்:
படுக்கையில் கிடக்கும் குழந்தைக்கு வகை தெரிந்து ஆவதொன்றுமில்லை அம்மா. அடுத்து பிறக்கப்போகும் குழந்தைகளுக்காகத்தான் பார்க்கிறோம்.

ரோட்டாவின் மரபணுத் தொகுதி பதினொரு தனித்தனித் துண்டுகள். இரண்டு வகைகள் ஒரே குடலில் புகுந்தால் துண்டுகள் இடம் மாறிப் புதிய கலவை பிறக்கும். அதற்கும் இப்போதைய தடுப்பு மருந்து பலிக்குமா என்று தெரியவேண்டுமே. மரபணுவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனை முடிந்து, அந்தப் பிரதிகளை அளவுவாரியாகப் பிரித்த ஜெல்லைப் புற ஊதா விளக்கில் வைக்கும்போது, ஒரு கோடு இருக்கவேண்டிய இடத்தில் சில மாதிரிகளுக்கு இரண்டு கோடுகள் ஒளிரும். கலப்புத் தொற்று! நம் ஊர் மாதிரிகளில் இது அரிதன்று. மாட்டு வைரஸும் இந்தக் கலப்பில் சேரும். இந்தியத் தடுப்பு மருந்தான ரோட்டாவாக்கின் மூல வைரஸே டெல்லியில் ஒரு பச்சிளங்குழந்தையிடம் கிடைத்தது. மனித வைரஸ், அதில் ஒரு துண்டு மட்டும் மாட்டு வைரஸுடையது.

பிரேசிலைப் பாருங்கள். 2006-இல் ஜி1பி8 வகையைக் கொண்டு செய்த தடுப்பு மருந்தைக் கொடுத்தார்கள், ஜி2பி4 மேலோங்கியது (ஜி, பி என்பவை வைரஸின் வெளிப்புறத்திலுள்ள இரண்டு புரதங்களின் வகையைக் குறிக்கும்). மருந்துதான் காரணம் என்று பேச்சு எழுந்தது. ஆனால் மருந்து தொடங்காத அண்டை நாடுகளிலும் அதே காலத்தில் அதே வகை பெருகியிருந்தது. அங்கெல்லாம் மாதிரிகளைப் பார்த்து வந்ததால்தான் அவசர முடிவு தவிர்க்கப்பட்டது. இந்தியாவிலும் முன்பு ஜி1பி8, இப்போது ஜி3பி8 முன்னே நிற்கிறது. 2005 முதல் கண்காணிப்பு நடந்திராவிட்டால் இந்த மாற்றத்தை எதோடு ஒப்பிடுவோம்?

மலர், செவிலியர்:
ஏழை நாடுகளில் மருந்தின் பலன் குறைவது புதிய வகைகளால்தானா, சேகர் அண்ணா?

சேகர்:
வகை மட்டும் காரணமன்று. ஆப்பிரிக்காவின் மலாவியில் நடந்த சோதனையில் மருந்து ரோட்டாவால் வரும் கடும் வயிற்றுப்போக்கை ஏறக்குறைய பாதிதான் தடுத்தது. ஊட்டக்குறைவு, குடலில் வேறு தொற்றுகள், தாய்ப்பாலில் வரும் எதிர்ப்பொருள் என்று பலவற்றைச் சொல்கிறார்கள். எது எவ்வளவு என்று பிரித்தறியவும் வகைக் கணக்கு வேண்டும்.

கயல்விழி:
எந்த வகையிலும் அடங்காத மாதிரிகளை என்ன செய்வீர்கள்?

சேகர்:
‘வகை தெரியவில்லை’ என்று எழுதி மூடிவைப்பது எனக்கு அறவே பிடிக்காது. வைரஸ் மாறியதால் நம் பிரைமர், அதாவது பி.சி.ஆரில் மரபணுவோடு ஒட்டிப் பிரதியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு, அதில் ஒட்டாமல் போயிருக்கலாம். மரபணு வரிசையைப் படித்து, தேவையானால் பிரைமரை மாற்றி மறுபடி சோதனையை நடத்தவேண்டும். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்களானால், உங்கள் வழிகாட்டியிடம் அந்த மாதிரிகளைக் கேளுங்கள்.