ஒன்றாம் வகுப்பு எடுப்பவர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள்

வணக்கம். அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 2022இல் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' என்ற கற்பித்தல் திட்டம் வந்ததிலிருந்து பாட்டு, ஆட்டம், கதை என்றுதான் பாடம் போகிறது. பெரும்பாலான பிள்ளைகள் சீக்கிரமே ஒட்டிக்கொள்வார்கள்.

இந்த வருடம் ஒரு பையன் மட்டும் மூன்று வாரமாகத் தோளிலிருந்து பையை இறக்கவே மாட்டேன் என்கிறான். காலை உணவுக்குப் பொங்கல் போட்டால்கூடப் பையோடுதான் சாப்பாடு. அங்கன்வாடிக்கும் போனதில்லையாம். ஏழு என்றால் ஏழு புளியங்கொட்டையைச் சரியாக எடுத்து வைக்கிறான். வாய் மட்டும் திறப்பதில்லை. கண் வாசலிலேயே இருக்கிறது. அதட்ட எனக்கு மனசு வரவில்லை.

அவன் பாட்டியைக் கொஞ்ச நாள் வகுப்பில் உட்கார வைக்கலாமா? அதுவே பழக்கமாகிவிடுமா? இப்படிப்பட்ட பிள்ளையைப் பழக்கியவர்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், இவனை எப்போது எழுத வைக்கலாம்?