நான் வரைந்த யாளி ஏன் ஒட்டுவேலையாகத் தெரிகிறது?

தூரிகைப்பித்தன், பொங்கோல்

அனைவருக்கும் வணக்கம். நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் அசைவூட்டம் பயிலும் மாணவன். விடியற்காலையில் பொங்கோல் நீர்வழியின் கரைக்கு ஒரு யாளி நீரருந்த வருவதாக, இறுதியாண்டுப் பணிக்கு ஒரு காட்சியைப் புரொகிரியேட் என்ற ஓவியச் செயலியில் வரைந்து வருகிறேன். சிங்க உடல், யானையின் துதிக்கை, தந்தம் எனப் பகுதி பகுதியாக நிழற்படங்களைப் பார்த்துத்தான் வரைந்தேன். பிடரி மயிரை இழை இழையாகத் தீட்டுவதற்கு மட்டும் மூன்று வாரம் ஆயிற்று. ஆனாலும் சிங்கத்தின் முகத்தில் தண்ணீர்க் குழாயைச் செருகியது போலவே இருக்கிறது. "மதுரைக் கோயில் தூணில் இருக்கும் யாளி மேலே பாய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கும், இது பொம்மை மாதிரி இருக்கிறதே, ராசா" என்றார் பாட்டி. ஒரே நிறக் கல்லில் தெரியும் உயிர் என் படத்தில் ஏன் இல்லை? இன்னும் மயிரும் ஒளியும் சேர்த்தால் சரியாகுமா?

மண்டையோடு

தம்பி, மயிர் இருக்கும் அடுக்கை (லேயரை) மறைத்துவிட்டு, மண்டையோட்டைத் தனியாக வரைந்து பாருங்கள். அசைவூட்டப் பாத்திரங்களுக்கு எலும்புச் சட்டகம் பொருத்தும் வேலையில் இருப்பதால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். சிங்கத்தின் மூக்குத்துளை முகத்தின் நுனியில் இருக்கிறது. யானையின் மண்டையோட்டிலோ அது மிகவும் மேலே, கண்குழிகளின் உயரத்தில், பெரிய பள்ளமாக இருக்கும். துதிக்கை என்பது மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்ட உறுப்பு. அதில் எலும்பே கிடையாது, முழுதும் தசை. அந்தத் தசை நெற்றியைப் பற்றிக்கொண்டு இறங்குகிறது. சிங்கத்தின் நீண்ட முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன் நுனியில் துதிக்கையைத் தொங்கவிட்டால், அதைத் தூக்குவதற்கு அங்கே எதுவுமில்லை என்பதைப் பார்ப்பவரின் கண், காரணம் தெரியாமலேயே, கண்டுகொள்ளும். முகத்தைக் குறுக்கி, மூக்குத்துளையை மேலேற்றி, நெற்றியை அகலமாக்குங்கள். தந்தமும் அப்படித்தான்: அது மேல்தாடையின் வெட்டுப்பல், கோரைப்பல் அன்று; அதன் வேர் இறங்குவதற்குத் தாடையில் இடம் வேண்டும்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. உங்கள் யாளி நீரை நக்கிக் குடிக்கிறதா, துதிக்கையால் உறிஞ்சி வாயில் ஊற்றிக்கொள்கிறதா? நக்கிக் குடித்தால் துதிக்கை ஒரு பக்கமாக ஒதுங்கியாக வேண்டும். உறிஞ்சினால் சிங்கத்தைப் போல முன்னங்கால்களை மடக்கிக் குனிய வேண்டிய தேவையே அதற்கு இல்லை.

உளியோசை, சிராங்கூன்

மேலே எழுதியவர் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் பாட்டியின் அச்சத்தை எலும்பு மட்டும் விளக்கிவிடாது. மதுரை ஆயிரங்கால் மண்டபத்து யாளிகளை உயிரியல் கணக்கில் வைத்துப் பார்த்தால் பல இடங்களில் தவறு காணலாம். இருந்தும் அவை நம்மை அஞ்ச வைப்பது, எழும்பி நிற்கும் உடலின் பாரம் எங்கே இறங்குகிறது என்பதைச் சிற்பி விட்டுக்கொடுக்காமல் செதுக்கியதால்தான் என்பது என் கருத்து. உங்கள் யாளியின் பாதத்தடியில் சேறு அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

அளவையும் முடிவு செய்யுங்கள். யானையையே கொல்லும் விலங்காகச் சங்கப் பாடல்கள் ஆளியை, அதாவது யாளியை, பேசுகின்றன. தோள்வரை 1.2 மீட்டர் உயரமும் 190 கிலோ எடையும் உள்ள சிங்கத்தை அப்படியே இருமடங்கு உயர்த்தினால் எடை எட்டு மடங்காகி 1,520 கிலோவை எட்டும். காலெலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் கூடும். எனவே கால்கள் சிங்கத்தினுடையதைவிடப் பருத்தும் நேராகவும் இருக்க வேண்டும்.

சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட சிங்கப்பூரின் மெர்லயனுக்கு இந்தக் கவலை இல்லை. 1964ல் சின்னமாகப் பிறந்து, 1972ல் 8.6 மீட்டர் சிலையாக எழுந்த அது நீந்த வேண்டியதில்லை. அதன் உருவத்தின் வெளிக்கோடு நினைவில் நின்றால் போதும். உங்கள் யாளி கரைவரை நடந்து வர வேண்டும்.

நீர்நாய்த்தோழி

தோலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மயிர் அடர்ந்த முகமும் மயிரற்ற துதிக்கையும் ஒரே கோட்டில் சந்திப்பதுதான் ஒட்டுவேலையாகக் காட்டுகிறது. மயிர் படிப்படியாகக் குட்டையாகி, அருகி, சுருக்கம் விழுந்த தோலாக மாற வேண்டும். காலாங் ஆற்றங்கரையில் நீர்நாய் கரையேறும்போது ஒருமுறை உற்றுப் பாருங்கள்: வழவழப்பாகத் தெரிந்த மயிர், நீர் வடியும்போது கூர்கூரான கற்றைகளாகப் பிரியும். இழை இழையாகத் தீட்டுவதைவிட அந்தக் கற்றைகளைத் தீட்டினால் ஈரம் தானே தெரியும். உடும்பின் தோல் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தளர்ந்து தொங்குவதைச் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் பார்க்கலாம். உங்கள் யாளியின் தோல் எல்லா இடத்திலும் ஒரே இறுக்கமாக இருக்கிறது.

தூரிகைப்பித்தன், பொங்கோல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு பிடரியை மறைத்துவிட்டு மண்டையோட்டை வரைந்தபோது, என் யாளிக்கு நெற்றியே இல்லை என்பது புரிந்தது. துதிக்கையால் உறிஞ்சுவது என்று முடிவு செய்துவிட்டேன். அதனால் குனிந்திருந்த உடல் இப்போது நிமிர்ந்து நிற்கிறது. நீரைத் தொடுவது துதிக்கையின் நுனி மட்டும்தான். கண்கள் எதிர்க்கரையைப் பார்க்கின்றன. மூன்று வார மயிர் வேலையில் பாதியை அழிக்க வேண்டியிருக்கிறது, அழித்துக்கொண்டிருக்கிறேன். எடை முன்னங்கால்களில் சரியாக விழுகிறதா என்பது மட்டும் இன்னும் ஐயமாக இருப்பதால், ஞாயிற்றுக்கிழமை கோட்டோவியத்தை இங்கே பதிவேற்றுகிறேன். தயவுசெய்து தோள்பட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள்.