ஊருக்காக ஜெபிக்க வருவது நாலே பேர், தொடரலாமா?

பொருநைக்கரை:
ஏரல் பக்கம் எங்கள் ஊர். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. ஆறு ஊருக்குள் வந்தபோது கரண்டும் இல்லாமல் போனும் இல்லாமல் நாங்கள் பன்னிரண்டு பேர் ஒரு மாடியில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு, செவ்வாய்தோறும் காலை 5 மணிக்குக் கோயிலில் கூடி ஊருக்காக ஜெபிப்பது என்று முடிவெடுத்தோம். இப்போது வருவது நான், என் மனைவி, உபதேசியார், வீடு வீடாகப் பால் ஊற்றும் ஒரு பாட்டி.

ஆள் குறைந்தது கூடப் பரவாயில்லை. முதலில் வாழை போனவர், கடை போனவர் என்று பெயர் சொல்லி ஜெபித்தோம். இப்போது "இந்த ஊரை ஆசீர்வதியும் ஆண்டவரே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு மகனுக்கு வேலை, மருமகளுக்குச் சுகம் என்று வீட்டு விஷயத்துக்குப் போய்விடுகிறோம். அதுவும் வேண்டியதுதான், ஆனால் நாங்கள் கூடியது அதற்கில்லையே. உங்கள் ஊரில் எப்படிச் செய்கிறீர்கள்? பேசாமல் ஞாயிறு ஆராதனையோடு சேர்த்துவிடலாமா?

மார்த்தாண்டம் சிஸ்டர்:
தயவுசெய்து நிறுத்தாதீர்கள் பிரதர். மத்தேயு 18:20-இல் ஆண்டவர் சொன்ன கணக்கே இரண்டு மூன்று பேர்தான். நாங்கள் ஐந்து பெண்கள், வியாழன் மதியம் கூடுகிறோம். ஊர் என்று பொதுவாகச் சொன்னால் எங்களுக்கும் ஜெபம் வரவில்லை, அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டில் தெருத்தெருவாக எழுதினோம். ரேஷன் கடையில் நிற்பவர், அங்கன்வாடி டீச்சர், ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் (மழை பிடித்தால் வெட்டு நின்றுவிடும், அந்த வாரம் அடுப்பு எரிவதே கஷ்டம்) என்று வாரம் ஒரு தெரு. ஒருமுறை கிழக்குத் தெருக் குழாயில் மூன்று வாரமாகத் தண்ணீர் வரவில்லை என்று கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருந்தோம், நடுவில் ஒரு அக்கா கண்ணைத் திறந்து "யாராவது மனு கொடுத்தோமா?" என்று கேட்டார். யாரும் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் இரண்டு பேர் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம்.

முத்துநகர்க்காரன்:
சிஸ்டர் சொல்வது நல்ல வழி, ஆனால் நோட்டில் எழுதும் முன் அந்த வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாங்கள் கத்தோலிக்கர், எங்கள் பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து அன்பியமாகக் கூடுவோம். ஒருமுறை ஜெபக் கருத்து என்ற பேரில் ஒரு குடும்பத்தின் வட்டிக்கடன் விஷயம் எல்லோர் காதுக்கும் போய், அந்த வீட்டம்மா அதற்கப்புறம் கூட்டத்துக்கே வரவில்லை. ஜெபத்தின் பெயரில் நாங்கள் செய்த காயம் அது, இன்னும் உறுத்துகிறது. இப்போது கேட்டுவிட்டுத்தான் பெயர் சொல்கிறோம். இந்து வீடு, முஸ்லிம் வீடு என்றாலும் கேட்கிறோம், இதுவரை யாரும் முகம் சுளிக்கவில்லை. எங்கள் தெரு பாய் வீட்டம்மா தன் பேரனின் ஆபரேஷன் தேதியை அவரே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

வலிகாமம்:
நாலு பேர் என்று மனம் தளராதேங்கோ அண்ணை. 1806-இல் அமெரிக்காவில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐந்து பேர் ஜெபிக்கக் கூடினபோது இடிமழை வந்து, வைக்கோற்போர் ஒன்றின் ஓரம் ஒதுங்கி ஜெபத்தைத் தொடர்ந்தார்கள். அங்கே எழும்பின எண்ணம்தான் 1810-இல் அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கமாகி, 1816-இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834-இல் மதுரைக்கும் வந்தது. உடுவில் மகளிர் பாடசாலையும் அந்த மிஷன் தொடங்கினதுதான்.

ஆனால் ஊருக்காக ஜெபிப்பது என்றால் எனக்கு ஞாபகம் வருவது அப்பாதான். யாழ்ப்பாணத்தில் போர் நெருங்கி ஊரே வெளிக்கிட்ட 1995 ஒக்டோபர் இடம்பெயர்வில் சாவகச்சேரியில் ஒரு மாமரத்தின் கீழ் மூன்று குடும்பம் இருந்தோம். இரவில் அப்பா எங்கள் ஒழுங்கையின் முகப்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படலையாக, இடப்பக்கம் முழுக்க, பிறகு வலப்பக்கம், ஆர் ஆர் இருந்தார்களோ அவர்களின் பெயரைச் சொல்லி ஜெபிப்பார். முடிவில் எங்களுக்குக் கிணற்றைத் திறந்துவிட்ட அந்த வளவுக்காரருக்காக. எரேமியா 29:7, சிறைப்பட்டுப் போய் இருக்கிற அந்நியப் பட்டணத்துக்காகவும் ஜெபிக்கச் சொன்ன வசனம், எனக்கு விளங்கினது அந்த மரத்தடியில்தான்.

பொருநைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. வலிகாமம் ஐயா, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்ததை மற்ற மூவரிடமும் சொன்னேன். இந்தச் செவ்வாய் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வடக்குத் தெருவை அவர்தான் வீடு வாரியாகச் சொன்னார், எல்லாம் பால் கணக்கில். வெள்ளத்துக்கு முன்னால் ஒரு லிட்டர் வாங்கிய ஒரு வீட்டில் இப்போது கால் லிட்டர், அதுவும் இரண்டு நாளைக்கு ஒருமுறை. கைப்பிள்ளை இருக்கிற வீடு. ஒன்றரை வருஷமாக அந்த வாசலைத் தாண்டித்தான் நான் கோயிலுக்குப் போகிறேன், எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அந்த ஒரு தெருவை முடிக்கவே மணி ஆறரை ஆகிவிட்டது. நாளை சாயங்காலம் நானும் மனைவியும் அந்த வீட்டுக்குப் போகிறோம்.