சிறுத்தைப் படம் காட்ட ஒரு உதவி வேணும்

வணக்கம் உறவுகளே. இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். போன வாரம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சிறுத்தை பற்றிய டீவி நிகழ்ச்சியொன்றைப் போட்டுக் காட்டினேன். அதில் சுருக்குக் கம்பி கட்டுகிறவர் முகமில்லாத திருடன், காப்பாற்ற வருகிறவர் வெளிநாட்டுக்காரர். முடிந்ததும் ஒரு பையன் எழும்பி, "டீச்சர், எங்கப்பாவும் கள்ள வேட்டைக்காரரா?" என்று கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிற லயத்து வீடுகளுக்குப் பின்னால் போட்ட மரக்கறியை ஒரே ராத்திரியில் பன்றி கிண்டிவிட்டுப் போகும். அதற்குத்தான் பழைய பிரேக் கேபிளில் சுருக்கு வைக்கிறார்கள். மாட்டுவதோ சிறுத்தை. 2020 மே மாதம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை அப்படித்தான் மாட்டி, சில நாளில் செத்தது. சுருக்கு வைப்பது பிழைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படும், வெள்ளைக்காரர் ஆட்சிக்கால அதிகாரி மேஜர் ரோஜர்ஸின் கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அவரை "வேட்டைக்காரர்" என்கிறோம், எங்கள் ஆட்களை மட்டும் ஏன் "கள்ளர்" என்கிறோம்?

கொழுந்து பறிக்கிறவர்களும் வாய் திறந்து பேசுகிற தமிழ் ஆவணப்படம் ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தில் வேலை செய்த, தமிழில் பேசக்கூடிய யாராவது பிள்ளைகளோடு ஒரு மணித்தியாலம் பேச வருவீர்களா? ஹட்டனிலிருந்து கூட்டிவர வாகனம் ஒழுங்கு செய்வேன். உள்பெட்டியில் எழுதுங்கள்.