ஒன்பது வருஷம் பேசாத அண்ணனும் மாதாமாதம் வாங்கிய திருவிருந்தும்

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)

போன வாரம் இந்த இணைய மன்றத்தில் ஒருவர், "கோயிலுக்குப் போகிறவனைவிடப் போகாதவன் யோக்கியன், கிறிஸ்தவர்கள் சொல்லும் சமாதானமெல்லாம் வேஷம்" என்று எழுதியிருந்தார். பல பேர் அவரைத் திட்டினார்கள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்ன வேஷக்காரனாக நான் ஒன்பது வருஷம் இருந்திருக்கிறேன்.

2009-இல் அப்பா இறந்து மூன்றாவது மாதம் அண்ணனிடம் அப்பா வீட்டில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். பேங்கில் லோன் போட்டு வீட்டை எடுத்துக் கட்டப்போகிறேன், கட்டியதும் மாடி உனக்கு என்று வாயால் சொன்னேன். அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. தம்பிதானே என்று போட்டார். மாடி கட்டினேன், வாடகைக்கு விட்டேன். அண்ணன் ஒரு தடவை கேட்டார், இரண்டு தடவை கேட்டார், அப்புறம் பேச்சை நிறுத்திக்கொண்டார். குறிஞ்சிப்பாடிப் பக்கம் வாடகை வீட்டில்தான் இருந்தார்.

அதே வருஷம் சபைக் கமிட்டிக்கு வந்தேன், பிறகு செயலரும் ஆனேன். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பட்டியலை மைக்கில் வாசித்தது நான்தான். இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்தையும் மாதம் தவறாமல் எடுத்தேன்.

2015 வெள்ளத்தில் குறிஞ்சிப்பாடி முழுக்கத் தண்ணீர். எங்கள் சபையிலிருந்து அரிசி, பாய், போர்வை கொண்டுபோனோம். வரிசையில் நின்றவர்களுக்கு மூட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் ஒரு பையன் போட்டோ எடுத்தான். பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பிறகு நீண்ட கை என் அண்ணியுடையது. அண்ணி என்னைப் பார்த்தார். நான் மூட்டையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தேன். அந்தப் படம் சபை நோட்டீஸ் போர்டில் ஒரு வருஷம் இருந்தது.

2018-இல் ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் வெளியூரிலிருந்து வயதான போதகர் ஒருவர் வந்தார். ஜனங்களை ஏமாற்றி வரி வசூலித்த சகேயு கதையைத்தான் எடுத்தார். சிறு வயதிலிருந்து ஞாயிறுபள்ளியில் பாட்டாகப் பாடின கதை. அவர் ஒன்றே ஒன்றைக் காட்டினார்: சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சொல்வதற்கு முன்னாலேயே இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். முதலில் வீட்டுக்கு வந்தார், கணக்குத் தீர்ந்தது அதற்குப் பிறகு. அன்று ராத்திரி நான் அழுதேன். திங்கட்கிழமை காலையில் குறிஞ்சிப்பாடி பஸ் ஏறினேன்.

அண்ணன் கதவைத் திறந்து, "சாப்பிட்டியா" என்றார். ஒன்பது வருஷம் கழித்து முதல் வார்த்தை அதுதான். மாடியையும் பாதி மனையையும் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். இத்தனை வருஷத்து வாடகையை மூன்று தவணையில் கட்டி முடித்தேன். அதிலிருந்து எனக்குத் தூக்கம் வருகிறது.

நாம் ஆராதனையில் மனநிம்மதி என்ற பொருளில் பாடுகிற 'சமாதானம்' என்ற சொல்லையே தெருவில் சண்டை தீர்ந்தவர்களைப் பற்றியும் சொல்கிறோம்: "ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டாங்க." ஒன்றை விட்டுவிட்டு மற்றதைத் தேடிக்கொண்டிருந்தேன். வேஷம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். சமாதானமும் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கறுப்புமை (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

அந்தப் பதிவை எழுதியவன் நான். இப்படி ஒரு பதில் வரும் என்று நினைக்கவில்லை, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் உங்கள் முடிவை ஏற்க முடியவில்லை அண்ணே.

உங்களைச் சுட்டது உங்கள் நெஞ்சு. "தன்னெஞ்சே தன்னைச் சுடும்" என்று வள்ளுவர் 293-ஆம் குறளில் சொல்லிவிட்டார், அதற்கு எந்த மதமும் வேண்டாம். ஒன்பது வருஷம் என்றால் நூற்றெட்டு மாதம். நூற்றெட்டு தடவை எடுத்தும் கேட்காத மருந்தை, கடைசியில் தானாகக் குணமானதும் மருந்தால்தான் குணம் என்கிறீர்கள். அந்த நூற்றெட்டு தடவையும் திருவிருந்து உங்களுக்கு என்ன செய்தது? குற்றம் உறுத்தாமல் பார்த்துக்கொண்டது. என் புகாரே அதுதான். மதம் மனுஷனுக்கு ஒரு வசதியான மன்னிப்பைக் கையில் கொடுத்துவிடுகிறது. ஏமாந்த அண்ணனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை மேலே கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

ஞாயிறுபள்ளித் தாத்தா (திருப்பாதிரிப்புலியூர்)

தம்பி கெடிலக்கரை, ஸ்தோத்திரம். உன் சாட்சி நல்ல சாட்சி. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் சபை. நாலு பேர் பார்த்துச் சிரிக்கிற இடத்தில் சபைக் காரியத்தைப் போட்டால் தேவநாமம்தான் தூஷிக்கப்படும்.

இந்த ஊரில் சபைகள் செய்ததை யாரும் எழுதுவதில்லையே என்று எனக்கு வருத்தம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஜோடனைகூட இன்னும் கழற்றவில்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து ஜனங்கள் ஈரத்துணியோடு ஓடிவந்தார்கள். நாங்கள் பள்ளிக்கூட ஹாலைத் திறந்து அன்று மத்தியானத்திலிருந்து பதினெட்டு நாள் சமைத்தோம். ஒருத்தரையும் நீ யார், எந்த மதம் என்று கேட்கவில்லை. அண்டா கழுவிய கைகளில் அரசியல்வாதி கை ஒன்றுகூட இல்லை, எல்லாம் பெண்கள் ஐக்கியத்துச் சகோதரிகளின் கை. அதுவும் வேஷமா?

வில்லியனூர்மகள் (வில்லியனூர்)

நான் அதிகம் படித்தவள் இல்லை. என் வீட்டுக்காரர் போனபிறகு மூன்று மாதம் யாரோடும் பேசாமல் இருந்தேன். அம்மா என்னை மாதா கோயிலுக்குக் கூட்டிப்போய்க் குளத்துப் படியில் உட்கார வைத்துவிட்டுப் பூசைக்குப் போய்விடுவார்கள். 1877-இல் கட்டின கோயில் அது. எத்தனை பேர் அழுகையைப் பார்த்த படியோ. பக்கத்தில் பொட்டு வைத்த அம்மா ஒருத்தர் தண்ணீரை எடுத்துத் தன் பேரன் தலையில் தெளித்துவிட்டு, கேட்காமலே என் தலையிலும் தெளித்தார். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது, அப்புறம் சாப்பிட முடிந்தது.

கறுப்புமை தம்பி, குருக்கள்மார் தப்பு செய்கிறார்களா, பங்குப் பேரவையில் சண்டையா, எனக்கும் தெரியும். அந்தப் படியில் கிடைத்ததை அதை வைத்து இல்லை என்று சொல்ல என்னால் முடியாது.

உப்பனாறு (கடலூர் முதுநகர்)

எல்லாருடைய சாட்சியையும் வாசித்தேன். நான் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். எங்கள் தெருவை ஊரார் எந்தப் பெயரில் சொல்வார்கள் என்று எழுத வேண்டியதில்லை.

கெடிலக்கரை அண்ணன் பாக்கியவான். அவருடைய பாவத்துக்குச் சர்வே நம்பர் இருந்தது. பத்திரம் எழுதினார், தீர்ந்தது. எங்களுக்கு நடந்ததை எந்த ரிஜிஸ்டர் ஆபீஸில் தீர்ப்பது?

புதுச்சேரிப் பேராலயமான சம்பா கோவிலுக்குள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் பறச்சேரிக் கிறிஸ்தவர்கள். 1745-இல் அதை இடித்ததையும், சாதிக்காரர்கள் திரண்டுபோய்ச் சாமியாரோடு சண்டை பிடித்ததையும் அந்தக் காலத்துப் புதுச்சேரி வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கட்டடத்தையே 1761-இல் ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். இப்போது நிற்பது 1791-இல் முடிந்த கோயில், அதில் சுவர் இல்லை. அப்புறம் என்ன என்கிறீர்களா? எறையூருக்கு வாருங்கள். எங்கள் புதுச்சேரி-கடலூர் மறைமாவட்டம்தான். சவ ஊர்வலம் எந்தப் பாதையில் போவது, கோயிலில் யார் எங்கே உட்காருவது என்பதில் 2008 மார்ச்சில் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இரு தரப்பும் ஒரே ஞானஸ்நானம் வாங்கியவர்கள்.

என் பாட்டியைப் புதைத்த இடம் கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவருக்கு வெளியே. 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவரானால் எஸ்.சி. கிடையாது. சீக்கியருக்கு 1956-இல் திருத்தினார்கள், பௌத்தருக்கு 1990-இல். எங்களுக்கு இன்றுவரை இல்லை. சர்டிபிகேட்டில் பி.சி., சாவில் பழைய சாதி.

எங்கள் திருவிவிலியத்தில் சமாதானம் என்ற சொல் 'அமைதி' ஆகிவிட்டது. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் தாசில்தார் ஆபீஸில் நடக்கிற அமைதிப் பேச்சுவார்த்தைதான் ஞாபகம் வரும். அங்கே அமைதி என்றால், நீங்கள் பேசாமல் இருங்கள் என்று அர்த்தம்.

அண்ணனிடம் ஒரு கேள்வி. நீங்கள் செயலராக இருந்த வருஷங்களில் உங்கள் கமிட்டியில் எங்கள் தெருவைப் போன்ற தெருவிலிருந்து எத்தனை பேர் இருந்தார்கள்?

சோற்றுக்கல் (வடலூர்)

இடையில் ஒரு வார்த்தை. "உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவார் உறவு கலவாமை வேண்டும்" என்று கேட்டவர் எங்கள் வள்ளலார். அவர் கோயில்களைத் திட்டிக்கொண்டு நிற்கவில்லை. 1867-இல் இங்கே தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. உட்கார்ந்தவனுக்குச் சோறு, அவ்வளவுதான். தாத்தா சொன்ன அண்டாவும் எனக்கு அதே அடுப்பாகத்தான் தெரிகிறது. ஆனால் பந்தியில் யார் எந்த வரிசை என்று பார்க்க ஆரம்பித்த அன்றைக்கே அடுப்பு அணைந்த மாதிரி.

ஞாயிறுபள்ளித் தாத்தா

உப்பனாறு அம்மா, உன் பாட்டியைப் பற்றி வாசித்தபோது மனசு கஷ்டப்பட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தச் சுவரை இடிக்கச் சொன்னவர்களும் விசுவாசிகள்தானே? காரைக்காலிலிருந்து வந்த சாமியாரிடம் பறச்சேரி ஜனங்கள் போய், நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே என்று கேட்டதாகத்தான் நானும் படித்திருக்கிறேன். சுவிசேஷத்தைக் கேட்டதால்தானே அவர்களுக்கு அந்தக் கேள்வியே வந்தது? மத்தேயு 23-ஆம் அதிகாரத்தைவிடக் கடுமையாக மாயக்காரரை, அதாவது வேஷக்காரரை, திட்டிய நாத்திகர் யார்? கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறவர்கள் என்று சொன்னது கர்த்தர்.

உப்பனாறு

ஆமாம் தாத்தா, விசுவாசிகள்தான். எங்கள் ஆட்கள். அதனால்தான் நான் இன்னும் கோயிலில் இருக்கிறேன். நான் விசுவாசத்தை விட்டவள் என்று யார் சொன்னது? ஞாயிறு பூசைக்குப் போகிறேன், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். கறுப்புமையோடு எனக்கு உடன்பாடு இல்லை. சிலுவையில் தொங்கினவர் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர் என்பது சுவருக்கு வெளியே பாட்டியைப் புதைத்த எனக்குப் புரிகிற அளவு வேறு யாருக்குப் புரியும்?

நான் சண்டை போடுவது அவரோடு இல்லை. 'எனக்குச் சமாதானம் கிடைத்துவிட்டது' என்று முற்றுப்புள்ளி வைக்கிறவர்களோடுதான்.

கறுப்புமை

உப்பனாறு அக்கா, உடன்பாடு இல்லையென்றாலும் பரவாயில்லை. நான் எழுதியதில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். எல்லாம் வேஷம் என்று எழுதியது தப்பு. உங்களையும் வில்லியனூர் அம்மாவையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் கெடிலக்கரை அண்ணன் என் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த நூற்றெட்டு தடவை?

கெடிலக்கரை

இரண்டு நாள் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும்.

தம்பி, நீங்கள் சொன்னது உண்மை. அந்த நூற்றெட்டு தடவையும் திருவிருந்தை மருந்தாக எடுக்கவில்லை, மறைப்பாக எடுத்தேன். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கத்தில் தெளிவாக இருக்கிறது. மேலே மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று அங்கே இல்லை. அந்த வசதியை உண்டாக்கிக்கொண்டவன் நான்.

நெஞ்சு சுட்டது என்பதும் சரி. ஒன்பது வருஷமும் சுட்டது. சுடச்சுட நான் இன்னும் அதிகமாக ஒளிந்தேன், இன்னும் சத்தமாகப் பட்டியல் வாசித்தேன். இவ்வளவு செய்தவன் வீட்டுக்கும் ஒருவர் வருகிறார் என்று கேட்டபோதுதான் ஒளிய வேண்டிய அவசியம் போனது. உங்களுக்கு அது வேறு மாதிரி நடக்கலாம். எனக்கு இப்படித்தான் நடந்தது, வேறு பெயர் வைக்கத் தெரியவில்லை.

தாத்தா, பொதுவில் எழுத வேண்டாம் என்றீர்கள். என் படம் நோட்டீஸ் போர்டில் பொதுவில்தானே இருந்தது.

உப்பனாறு அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில்: ஒருவர்கூட இல்லை. நேற்று பழைய மினிட்ஸ் நோட்டை வாங்கி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பதினோரு வருஷக் கமிட்டி, ஒரு பெயர்கூட இல்லை. சபையில் மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்கள் அந்தத் தெருக்களிலிருந்து வருகின்றன. இதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அண்ணன் விஷயம் எனக்குத் தெரிந்து செய்தது. இது தெரியாமலே செய்தது, இதில் எனக்குத் தூக்கமும் கெடவில்லை. அதுதான் இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது.

அடுத்த மாதம் பொதுக்கூட்டம். கமிட்டியில் எனக்கு இன்னும் ஒரு இடம் இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்து, இந்தக் கணக்கை அதே மைக்கில் வாசிக்கப்போகிறேன். கல்லறைத் தோட்டத்தில் மேற்கு மூலையை யாருக்கு, யார் ஒதுக்கியது என்ற பழைய தீர்மானத்தையும் தேடச் சொல்லியிருக்கிறேன். அண்ணனிடம் சொன்னேன், தானும் வந்து உட்காருவதாகச் சொன்னார்.

உப்பனாறு

வாசித்த பிறகு எழுதுங்கள் அண்ணே. யார் எழுந்து வெளியே போனார்கள் என்பதையும் எழுதுங்கள். அதுவரை இந்த இழையை மூட வேண்டாம் என்று நிர்வாகியைக் கேட்டுக்கொள்கிறேன்.