எர்த்பவுண்ட் எல்பி: கோளாறு ஊசியிலா, பதிவிலேயேவா?

கிங் கிரிம்சன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'எர்த்பவுண்ட்' பழைய எல்பி இசைத்தட்டு ஒன்று கிடைத்தது. 1972 அமெரிக்கச் சுற்றுப்பயணக் கச்சேரிகளைக் கேசட்டில் பிடித்துப் போட்ட தட்டு, அதனால் ஒலி மங்கலாகத்தான் இருக்கும். சரி, அது தெரிந்துதான் வாங்கினேன். போஸ் பர்ரெலின் குரல் கரகரப்பதுகூட வேண்டுமென்றே செய்ததுதான். ஆனால் மெல் காலின்ஸின் சாக்ஸபோன் உச்சத்துக்கு ஏறும்போதெல்லாம் சோளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். ரெக்கார்ட் பிளேயர் ஊசியைத் துடைத்துப் பார்த்துவிட்டேன். மற்ற தட்டுகள் நன்றாகவே ஓடுகின்றன.

2002இல் வந்த இதன் சிடி வைத்திருப்பவர்கள் யாராவது அதிலுள்ள 'பியோரியா' பாட்டை மட்டும் ஹெட்போனில் கேட்டுச் சொல்ல முடியுமா? அதிலும் பொரிந்தால் எனக்கு நிம்மதி. இல்லையென்றால் புது ஊசி வாங்க வேண்டும். விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது!